பிள்ளைக்கு விசாவா, பிரஜாவுரிமையா?

வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வெளிநாட்டில் பிறந்த கணவனையோ மனைவியையோ இங்கே அழைத்துக் குடியிருத்துவது எப்படி, இங்கிருப்பவர் அங்குள்ள துணைவரின் பொன்சரில் (குடியேற அழைத்துப் பொறுப்பேற்பது) அங்கே போவது எப்படி என்பவைதான் பெரும்பாலான கேள்விகள். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் குழம்பியிருக்கிறார்கள். துணைவருக்கு எடுக்கும் விசாவுக்குள் பிள்ளையையும் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். துணைவருக்குத் தேவை அனுமதி. பிள்ளைக்கோ பெரும்பாலும் பிறப்பிலேயே உரிமை இருக்கும். அதைப் பதிந்து எடுக்க வேண்டியதுதான் வேலை. இரண்டுக்கும் சட்டம் வேறு, கந்தோர் மேசையும் வேறு.

குச்சவெளி வாசகர்: 1990இல் சிறுவனாகப் படகில் தமிழ்நாடு போய் முகாமில் வளர்ந்தேன். அங்கேயே உள்ளூர்ப் பெண்ணைத் திருமணம் செய்தேன். மகள் 2012இலும் மகன் 2016இலும் பிறந்தார்கள். நான் மட்டும் ஊருக்குத் திரும்பி வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மனைவியிடம் இந்தியக் கடவுச்சீட்டு உண்டு. பிள்ளைகளிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழைத் தவிர ஒன்றும் இல்லை. மூவரையும் எப்படி அழைப்பது?

பிள்ளைகளின் வேலையை முதலில் முடியுங்கள். மனைவியின் விசா பிந்தினாலும் பரவாயில்லை, பிள்ளைகளின் பதிவு பிந்தக்கூடாது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் தாயோ தகப்பனோ அந்தப் பிறப்பு நேரத்தில் இலங்கைப் பிரஜையாக இருந்தால், பிள்ளை வம்சாவளிப் பிரஜையாகலாம். ஆனால் அது தானாக நடக்காது. பிறப்பை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்திலோ கொழும்பில் உரிய அமைச்சின் கீழுள்ள அலுவலகத்திலோ பதிய வேண்டும். ஒரு வருடம் கடந்துவிட்டால் கதவு மூடிவிடாது. தகுந்த காரணம் காட்டினால் காலத்தை நீடிக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. தாமதத்துக்கான மேலதிகக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். முகாம் வாழ்க்கை, வெளியே போய்வரக் கட்டுப்பாடு, ஆவணங்கள் தொலைந்தது எல்லாமே தகுந்த காரணங்கள்தான். அவற்றை ஆண்டு, இடம் குறித்துச் சத்தியக் கடதாசியில் எழுதுங்கள். “தெரியாமல் விட்டுவிட்டேன்” என்ற ஒற்றை வரி போதாது.

பிள்ளைகள் தமிழ்நாட்டில் இருப்பதால் விண்ணப்பம் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று பிறப்பைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் எடுப்பது. மற்றது 5(2)ஆம் பிரிவின் கீழ் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எடுப்பது. முகாமிலிருந்து திரும்பிய பல குடும்பங்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன. கையில் இலங்கை முத்திரை போட்ட பிறப்புச் சான்றிதழ் இருப்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பிள்ளைக்கு அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு எடுக்கப் போகும்போதுதான் பிரஜாவுரிமைச் சான்றிதழின் இலக்கத்தைக் கேட்பார்கள். ஆகவே இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டுக்கும் பற்றுச்சீட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இணைக்க வேண்டியவை: பிள்ளைகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டையின் பிரதி, மனைவியின் பிறப்புச் சான்றிதழும் கடவுச்சீட்டும், திருமணப் பதிவு, முகாமில் தந்த குடும்ப அட்டை. உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து இனம் என்ற கூட்டைப் பாருங்கள். “இலங்கைத் தமிழர்” என்று இருந்தால் பெரிய கேள்வி வராது. “இந்தியத் தமிழர்” என்று இருந்தால் உங்களுடைய சொந்தப் பிரஜாவுரிமைக்கே ஆதாரம் கேட்கலாம். உங்கள் தகப்பனார் பெற்ற பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

வழக்கமாகச் சிக்கும் இடங்கள் மூன்று. முதலாவது பெயர். தமிழ்நாட்டுச் சான்றிதழில் தகப்பன் பெயர் முகாம் பதிவில் உள்ளபடி எழுதப்பட்டிருக்கும். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்தில் இருக்கும். உங்கள் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்து, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று சத்தியக் கடதாசி முடியுங்கள். இரண்டாவது, பிள்ளையின் பெயர்க் கூடு வெறுமையாக இருப்பது. ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் பெயரில்லாமல் பதிந்து, பிறகு யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பதிவான நாளிலிருந்து 15 வருடத்துக்குள் அங்குள்ள பதிவாளரிடம் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் மகள் 2012இல் பிறந்தவள் என்பதால் அந்தக் காலம் நெருங்குகிறது. மூன்றாவது, கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட திருமணம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு திருமணப் பதிவு கட்டாயம். பதியாதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டுத்தான் சென்னைக் கந்தோருக்குப் போக வேண்டும்.

“தாய் இந்தியர்தானே, பிள்ளைகள் இந்தியப் பிரஜைகளாகவே இருக்கட்டும்” என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை பிறப்பாலேயே உண்டு. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாயோ தகப்பனோ இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. கடவுச்சீட்டில்லாமல் படகில் வந்த தகப்பனை அந்தச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் இரு பிள்ளைகளும் அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடியது இலங்கைப் பிரஜாவுரிமைதான்.

மனைவிக்கு வதிவிட விசா எடுக்க வேண்டும். இலங்கைப் பிரஜையின் துணைவர் என்ற வகையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அதை வழங்குகிறது. சுற்றுலா விசாவில் வந்திறங்கினால் முதலில் கிடைப்பது 30 நாள். அதை நீடித்து நீடித்துக் காலம் தள்ளுவது செலவு. அதனால் வரும் முன்னரே சென்னையில் நுழைவு விசாவுக்கு விண்ணப்பித்து, வந்த பின் அதை வதிவிட விசாவாக மாற்றுவது நல்லது.

ஒரு வருடம் தொடர்ந்து இங்கே வசித்த பின், பிரஜாவுரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் கீழ் இலங்கைப் பிரஜையாகப் பதியவும் அவர் விண்ணப்பிக்கலாம். அது உரிமை அல்ல, அமைச்சரின் தற்றுணிபு. அதற்கு அவசரப்பட வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பி எடுத்த கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். ஊர் பிடிக்கிறதா, பிள்ளைகளின் படிப்பு ஒத்துவருகிறதா என்று சில வருடம் வதிவிட விசாவில் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

உப்புவெளி வாசகி: என் கணவர் ஜேர்மன் நாட்டவர். மகன் 2023இல் அங்கே பிறந்தான். இங்கே என் பெற்றோரின் காணியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். கணவர் ஒவ்வொரு தடவையும் சுற்றுலா விசாவில் வந்து போகிறார். காணியில் ஒரு பகுதியை அவர் பெயருக்கு மாற்றலாமா?

காணியை மாற்ற முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிப் பராதீனக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2013 ஜனவரி 1இலிருந்து அமுலுக்கு வரும்படி, வெளிநாட்டவருக்குக் காணியை அறுதியாக எழுதுவதைத் தடுக்கிறது. 99 வருடம் வரை குத்தகைக்குக் கொடுக்கலாம். உரிமையாளர் இறந்த பின் நெருங்கிய உறவினர் என்ற வகையில் வாரிசாக வருவதற்கும் விதிவிலக்கு உண்டு. உறுதி முடிக்கும் முன் நொத்தாரிசிடம் இதைக் கேளுங்கள். சில நொத்தாரிசுமார் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், காணிப் பதிவகத்தில்தான் பிரச்சினை தொடங்கும்.

உங்கள் கணவர் சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு விடுதிக்கு வரும் ஆட்களைப் பதிவது, காசு வாங்குவது, படகுக்குக் கூட்டிப்போவது எல்லாம் வேலை செய்வதாகத்தான் கணக்கு. சொந்த மனைவியின் விடுதி என்பது விளக்கமாகாது. துணைவருக்கான வதிவிட விசாவுக்கு விண்ணப்பியுங்கள். அந்த விசா கிடைத்தாலும் கடவுச்சீட்டில் ஒட்டப்படும் பத்திரத்தின் அடியில் ஒரு நிபந்தனை அச்சிட்டிருக்கும். ஊதியத்தோடோ ஊதியமின்றியோ தொழில் செய்யக்கூடாது என்று அதில் இருந்தால், அதுதான் எல்லை. தொழிலுக்கு வேறாக அனுமதி கேட்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு உங்கள் கையெழுத்தில் கோரிக்கைக் கடிதம் வேண்டும். அதோடு விவாகச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் ஆகியவற்றைச் சேருங்கள். கிராம உத்தியோகத்தர் தரும் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருக்கட்டும். ஒப்பமில்லாமல் கொழும்புக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்கள் அநேகர். கடவுச்சீட்டு வேலைக்கு வவுனியாக் கிளை போதும்; வதிவிட விசாவுக்குப் பத்தரமுல்லை சுகுருபாயவுக்கே போக வேண்டும். இருவரும் சேர்ந்து போங்கள். இரவு ரயிலில் போனால் காலையில் வேளைக்கே வரிசையில் நிற்கலாம்.

மகன் விஷயம். 2003ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் பிரஜாவுரிமை கடத்தப்படும். ஒரு வருடம் கடந்துவிட்டதால் தாமதக் காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான். பேர்லினிலுள்ள தூதரகத்திலும் கொடுக்கலாம், நீங்கள் இங்கே இருப்பதால் பத்தரமுல்லையிலும் கொடுக்கலாம். ஜேர்மனியில் பல மொழிகளில் அச்சிட்ட சர்வதேசப் பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். அதைக் கேட்டு வாங்கினால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். பிள்ளை பிறந்த நாளில் உங்களிடம் இருந்த இலங்கைக் கடவுச்சீட்டின் பிரதி கட்டாயம் தேவை. அந்த நாளில் நீங்கள் பிரஜையாக இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் சான்று. பழைய புத்தகத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பதிவு முடியும் வரை மகன் ஜேர்மன் கடவுச்சீட்டில்தான் இங்கே இருக்கிறான். அவனுடைய விசாத் திகதியையும் கவனியுங்கள். பெரியவர்களின் விசாவை நீடித்துவிட்டுக் குழந்தையுடையதை மறந்துபோய், விமான நிலையத்தில் தண்டம் கட்டும் குடும்பங்கள் உண்டு.

கிண்ணியா வாசகர்: மகளுக்குக் கனடாப் பிரஜையான மாப்பிள்ளை பேசியிருக்கிறோம். அவருக்கு லீவு இல்லை. தொலைபேசியில் நிக்காஹ் முடித்துவிட்டுப் பொன்சருக்குப் போடலாம் என்கிறார். மகளுக்கு முதல் திருமணத்தில் 6 வயதில் ஒரு மகன் இருக்கிறான். மகள் முன்பு இரண்டு வருடம் குவைத்தில் வேலை செய்தவள். பேரனை இப்போது காட்டாமல் விட்டுப் பிறகு எடுக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

தொலைபேசி நிக்காஹ் வேண்டவே வேண்டாம். சடங்கு நடக்கும் இடத்தில் மணமக்களில் ஒருவரோ இருவருமோ நேரில் இல்லாத திருமணத்தை 2015 ஜூன் 11 முதல் கனடாக் குடிவரவு விதி ஏற்பதில்லை. தொலைபேசி, இணையம், பிரதிநிதி மூலம் செய்தது எல்லாம் இதில் அடங்கும். மார்க்கப்படி செல்லுமா, இலங்கையில் பதியலாமா என்பது வேறு கேள்வி. கனடா அதிகாரி அதைப் பார்க்க மாட்டார். மாப்பிள்ளை ஒரு வாரமாவது வந்து போகட்டும். நம் பக்கத்து நிக்காஹ்வில் மணமகள் உள்ளறையில் இருப்பதும், வலி (மணமகளின் பொறுப்பாளர்) முன்னால் அமர்ந்து கையெழுத்திடுவதும் வழக்கம். ஆகவே மகள் அதே இடத்தில் இருந்தார் என்பது தெரியும்படி படங்கள் எடுங்கள். உறவு விபரம் கேட்கும் ஐ.எம்.எம். 5532 படிவத்திலும் சடங்கு எப்படி நடந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். மகளின் முதல் திருமணம் காதி நீதிமன்றத்தில் விவாகரத்தான பத்திரம், புதிய நிக்காஹ் திகதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். இதில் ஒரு நாள் முன்பின்னானாலும் விண்ணப்பமே விழுந்துவிடும்.

பேரனை மறைக்கச் சொன்னவரின் பேச்சைக் கேட்காதீர்கள். கனடாவுக்குப் போகாத பிள்ளையையும் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும். காட்டாமல் விட்டு, பரிசோதனைக்கும் உட்படுத்தாமல் விட்ட பிள்ளையைப் பின்னர் குடும்ப வகுப்பில் பொன்சர் செய்ய விதி 117(9)(d) தடை போடுகிறது. 2019இல் இதற்குத் தற்காலிகத் தளர்வு கொண்டுவந்தார்கள். அந்தத் தளர்வை நம்பித் தெரிந்தே மறைப்பது பொய்த் தகவல் கொடுத்த குற்றத்தில் முடியும். பேரனை இதே விண்ணப்பத்தில் கூடப்போகும் பிள்ளையாகவே போடுங்கள். 22 வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத பிள்ளைகளை இப்படிச் சேர்க்கலாம்.

அவனுடைய தகப்பன் உயிரோடு இருந்தால் ஐ.எம்.எம். 5604 படிவத்தில் அவர் சம்மதக் கையெழுத்து வைக்க வேண்டும். வாய்ச் சம்மதம் போதாது. அவர் மறுத்தாலோ ஆளைக் காணவில்லை என்றாலோ, பிள்ளையின் பாதுகாப்புரிமை தாயிடம் என்று நீதிமன்றக் கட்டளை எடுக்க வேண்டிவரும். அதற்கு மாதக்கணக்காகும் என்பதால் நிக்காஹ்வுக்கு முன்னரே அந்த வேலையைத் தொடங்குங்கள். இப்படியான விண்ணப்பங்கள் இழுபடுவது பெரும்பாலும் இந்த ஒரு கடதாசியால்தான்.

செலவைச் சொல்கிறோம். 2024 ஏப்ரல் 30இல் உயர்த்தப்பட்ட பட்டியலின்படி பொன்சர் கட்டணம் 85 டொலர், மகளின் விண்ணப்பம் 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575, பேரனுக்கு 175, மகளின் கைரேகைப் பதிவு 85. அப்போது மொத்தம் 1,465 கனடா டொலராக இருந்தது. 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கைரேகை இல்லை, பிள்ளைக்கு உரிமைக் கட்டணமும் இல்லை. கட்டும் நாளில் பட்டியலை மறுபடி பார்க்க வேண்டும். பழைய தொகையைக் கட்டினால் விண்ணப்பம் முழுமையற்றது என்று திரும்பி வரும். மருத்துவப் பரிசோதனையும் பொலிஸ் சான்றிதழ்களும் இதற்கு மேலதிகம்.

மனைவியைப் பொன்சர் செய்ய கனடாவில் குறைந்தபட்ச வருமான எல்லை இல்லை. ஊரில் பரவியிருக்கும் பயம் வேறு, சட்டம் வேறு. ஆனால் உடற்குறை தவிர்ந்த காரணத்துக்காக அரச உதவிப்பணம் எடுப்பவர், வங்குரோத்திலிருந்து விடுபடாதவர், முந்திய பொன்சர் பொறுப்பை மீறியவர் ஆகியோரால் முடியாது. மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அவரே முன்னாள் மனைவியின் பொன்சரில் போனவரா? அப்படியானால் நிரந்தர வதிவிடம் கிடைத்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். மகளுக்கு 3 வருடமும், பேரனுக்கு 10 வருடம் அல்லது அவனுக்கு 25 வயதாகும் வரை, எது முந்தியோ அதுவரையும் அவர் பொருளாதாரப் பொறுப்பு ஏற்கிறார். இடையில் மணமுறிவு ஏற்பட்டாலும் அந்தப் பொறுப்பு முடியாது. கியூபெக்கில் விதிகள் சற்று வேறு.

உறவு உண்மையானது என்பதற்கு 20 படங்கள் வரையும், தொடர்பாடலுக்கு 10 பக்கம் வரையும் கேட்பார்கள். இருபதும் மேடையில் நின்று எடுத்த படமாக இருந்தால் பயனில்லை. பேச்சுவார்த்தைக்கு வந்த நாள், சாப்பாட்டு மேசை, மாப்பிள்ளையின் உம்மா வாப்பாவோடு, பேரனோடு என்று வெவ்வேறு நாள், வெவ்வேறு உடுப்பு, வெவ்வேறு ஆட்கள் தெரிய வேண்டும். பின்னால் திகதியும் இடமும் எழுதுங்கள். மாப்பிள்ளை மகளுக்கு அனுப்பும் காசு உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு மாற்றுவது) வரக்கூடாது. உண்டியலுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. பற்றுச்சீட்டு இல்லாத காசு அதிகாரிக்கு வராத காசு. குறைந்த தொகையானாலும் வங்கி வழியாக வரட்டும்.

குவைத் வாழ்க்கையை மறக்காதீர்கள். 18 வயதுக்குப் பின், கடந்த 10 வருடத்தில், தொடர்ந்து 6 மாதம் அல்லது அதற்கு மேல் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். வளைகுடா நாடுகளிலிருந்து இங்கிருந்தபடியே அதை எடுப்பதற்குத்தான் அதிக காலம் பிடிக்கும். பழைய கடவுச்சீட்டிலுள்ள குவைத் விசாப் பக்கத்தையும் அந்நாட்டு அடையாள அட்டையின் இலக்கத்தையும் தேடி வையுங்கள்.

பேரனுக்கு ஏதும் நோய் இருந்தால் மறுத்துவிடுவார்களோ என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவச் செலவு அதிகம் என்ற காரணத்தால் மனைவியையும் தங்கியிருக்கும் பிள்ளையையும் மறுக்க முடியாது. அந்த விதியிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு.

உவர்மலை வாசகி: கணவர் 2019இல் பிரித்தானியப் பிரஜையானார். 2021இல் திருமணம், 2023இல் மகள் திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிறந்தாள். கணவருக்கு வருடச் சம்பளம் 24,000 பவுண். எனக்கும் மகளுக்கும் சேர்த்து விசா போட ஒரு முகவர் இரட்டைக் கட்டணம் கேட்கிறார்.

மகளுக்கு விசாக் கட்டணம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவள் பிறந்த நாளிலிருந்தே பிரித்தானியப் பிரஜை. அங்கே குடியுரிமை பெற்றவரின் பிள்ளை, அதற்குப் பின் எங்கே பிறந்தாலும், 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி தானாகவே பிரஜையாகிறது. பிரஜைக்கு விசா கொடுக்கவும் மாட்டார்கள், கட்டிய பணம்தான் வீணாகும். தேவைப்படுவது முதற் கடவுச்சீட்டு விண்ணப்பம். அதற்கு மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் விவாகச் சான்றிதழ், கணவரின் குடியுரிமைச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என்ற கூட்டில் “ஆம்” என்று இருக்கிறதா என்று பாருங்கள். கனடாவிலும் இதே கதைதான். பிரஜையான பின் பிறந்த பிள்ளைக்குப் பொன்சர் கிடையாது. 75 டொலர் கட்டிப் பிரஜாவுரிமை அத்தாட்சி எடுப்பதே வழி.

மகள் இலங்கையில் இலங்கைத் தாய்க்குப் பிறந்தவள் என்பதால் இலங்கைப் பிரஜையும்தான். பிரித்தானியக் கடவுச்சீட்டில் இலங்கை நுழைவு முத்திரை இருக்காது; அதை மட்டும் காட்டிக் கட்டுநாயக்காவில் வெளியேறப் போனால் கேள்வி வரும். இலங்கைக் கடவுச்சீட்டும் எடுத்து இரண்டையும் கொண்டுபோங்கள்.

உங்கள் விசாதான் கணக்குப் பார்க்க வேண்டியது. 2024 ஏப்ரல் 11 முதல் கணவரின் வருமானம் 29,000 பவுண் இருக்க வேண்டும். இங்கே நீங்கள் வாங்கும் சம்பளம் இதில் சேராது. குறையும் தொகையைச் சேமிப்பால் நிரப்பலாம். கணக்கு இதுதான்: குறை 5,000. அதை இரண்டரையால் பெருக்கினால் 12,500. அதோடு 16,000ஐக் கூட்டினால் 28,500 பவுண். அந்தத் தொகை அவர் பெயரிலோ உங்கள் பெயரிலோ 6 மாதம் அசையாமல் இருக்க வேண்டும். உறவினர் அன்பளிப்பாகத் தந்ததாக இருக்கலாம், கடனாக இருக்கக்கூடாது. ஒரு நாள் 28,499க்கு இறங்கினாலும் 6 மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கணவர் சுயதொழில் செய்பவராக இருந்தால் சேமிப்பை வருமானத்தோடு இப்படிக் கூட்ட முடியாது. அவ்வளவு சேமிப்பு இல்லையென்றால், சம்பளம் 29,000க்கு ஏறி 6 மாதச் சம்பளச் சீட்டுச் சேரும்வரை பொறுங்கள். சீட்டில் உள்ள தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் சதம் பிசகாமல் பொருந்த வேண்டும். பிள்ளை பிரித்தானியப் பிரஜை என்பதற்குச் சட்டத்தில் எடை உண்டு. ஆனாலும் அதை நம்பிக் குறை வருமானத்தோடு போட்டால் மேன்முறையீட்டில் வருடக் கணக்கில் நிற்க நேரலாம்.

விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுணாக இருந்தது. சுகாதார மேலதிகக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் 3,105. ஆங்கிலத்தில் ஏ1 மட்டத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் இரண்டும் தேவை. காசநோய்ச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும் என்பதால் அதைக் கடைசியில் எடுங்கள். முதல் விசா 33 மாதம்.

மூதூர் வாசகர்: பிரான்சில் பிறந்த மகனுக்கு அந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் உண்டு. வயது 21. இரண்டையும் இப்படியே வைத்திருக்கலாமா?

22ஆவது பிறந்தநாளுக்கு முன் முடிவெடுங்கள். வம்சாவளிப் பிரஜை வேறு நாட்டின் குடியுரிமையையும் வைத்திருந்தால், 22 வயதாகும் முன் அந்த வேற்று நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாமல் போகும். கடவுச்சீட்டின் காலம் மிச்சமிருப்பதால் உரிமையும் மிச்சமிருப்பதாக அர்த்தமில்லை. இரண்டையும் வைத்திருக்க விரும்பினால் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தம்பலகாமம் வாசகர்: கட்டாரில் வேலை செய்த அண்ணன் பிலிப்பைன்ஸ் பெண்ணை மணந்து இங்கே குடியிருந்தார். சென்ற வருடம் மோசம் போய்விட்டார். அண்ணியின் விசா இனிமேல் என்னவாகும்?

விசா அண்ணனின் பெயரில் தங்கியிருந்ததால் புதுப்பிக்கும்போது அவரது கடிதம் கேட்பார்கள். இறப்பை மறைத்து மற்றொருவரின் கையெழுத்தைப் போட நினைக்காதீர்கள். இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், நீங்களோ உங்கள் பெற்றோரோ ஆதரவளிப்பதாகச் சத்தியக் கடதாசி ஆகியவற்றோடு, விசா முடியும் முன்னரே திணைக்களத்துக்கு எழுதுங்கள். 11ஆம் பிரிவு கணவனையோ மனைவியையோ மட்டும் சொல்லவில்லை. பிரஜையின் விதவைக்கும் தபுதாரனுக்கும் அதே வழியைத் திறந்திருக்கிறது. விண்ணப்பத்துக்கு உடனே முந்திய ஒரு வருடம் அவர் இங்கே தொடர்ந்து வசித்திருந்தால் பிரஜையாகப் பதியக் கேட்கலாம். அந்த வருடத்துக்குள் தாய்நாட்டுக்குப் போய் மாதக்கணக்காக இருந்துவிட வேண்டாம்.

சீனக்குடா வாசகி: விவாகச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. எனக்கு ஆங்கிலம் தெரியும். நானே மொழிபெயர்க்கலாமா?

விண்ணப்பதாரரோ குடும்பத்தினரோ செய்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, பெயரை அதிலுள்ள ஆங்கில எழுத்தின்படியே எழுதச் சொல்லுங்கள். ஓரத்தில் பதிவாளர் எழுதிய திருத்தக் குறிப்பு, முத்திரையிலுள்ள வாசகம், பின்பக்கம் எல்லாம் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். பின்பக்கத்தை விட்டுவிடுவதால்தான் பலருடையது திரும்பி வருகிறது. கனடா, பிரித்தானிய விண்ணப்பங்களுக்கு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு முத்திரை தேவையில்லை. அதற்காகக் கொழும்புக்குப் போகாதீர்கள்.